கூட்டம் கலைந்த பின்னும் நிற்கும் அமைப்பு: இசையாலும் விழாவாலும் பான்-ஆப்பிரிக்கச் சமூகத்தை ஒருங்கிணைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

1959 ஜனவரி 30 அன்று மாலை லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நகர மண்டபத்தில் ஒரு கார்னிவல் நடந்தது. கரீபியத் தீவான டிரினிடாட்டில் வெயிலில், தெருவில், வியர்வை வழிய ஆடப்படும் அந்த விழா, இங்கே நடுக்குளிர்காலத்தில் நான்கு சுவர்களுக்குள் நடந்ததற்குக் காரணம் இருந்தது. ஐந்து மாதங்களுக்கு முன், 1958 ஆகஸ்ட் இறுதியில், லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் வெள்ளையர் கும்பல்கள் கரீபிய மக்களின் வீடுகளைத் தாக்கியிருந்தன. டிரினிடாட்டில் பிறந்து, நியூயார்க்கில் வளர்ந்து, கம்யூனிஸ்ட் என்பதற்காகச் சிறை சென்று, 1955இல் பிரிட்டனுக்கு நாடு கடத்தப்பட்ட கிளாடியா ஜோன்ஸ், அப்போது பிரிக்ஸ்டனில் ஓர் இசைத்தட்டுக் கடையின் மாடியிலிருந்து ‘வெஸ்ட் இண்டியன் கெஜட்’ என்னும் இதழை நடத்திக்கொண்டிருந்தார். அந்த இதழின் பெயரில்தான் விழா அறிவிக்கப்பட்டது. பிபிசி தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியது.

இந்த விழாவைப் பற்றிப் பேசுபவர்கள் ஆட்டத்தையும் பாட்டையும் சொல்வார்கள். என் கவனம் எப்போதும் அதன் விழா மலரில் அச்சிடப்பட்ட ஒரு சிறு குறிப்பின் மீதே நிற்கும்: மலர் விற்ற பணத்தில் ஒரு பகுதி, நாட்டிங் ஹில் சம்பவங்களில் அபராதம் விதிக்கப்பட்ட கறுப்பின, வெள்ளையின இளைஞர்களின் அபராதத்தைக் கட்டச் செலவிடப்படும் என்று அதில் இருந்தது. ஆட வந்தவர் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு பொதுக் காரியத்தின் பங்குதாரராக வீடு திரும்பினார். விழாவையும் அமைப்பையும் பிரித்துக் காட்டும் கோடு அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது.

தென் லண்டனில் ஆப்பிரிக்க, கரீபியக் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் ஆண்டு விழா ஒன்றின் கணக்கேட்டைச் சில ஆண்டுகள் எழுதியவன் என்ற முறையில், அங்கே கண்டதையும் அதற்கு முந்தைய வரலாற்றிலிருந்து கற்றதையும் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். ஒரு தமிழனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு அ. சிவானந்தனை நினைவூட்டலாம். 1958இல் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையிலிருந்து தப்பி லண்டன் வந்தவர், வந்து இறங்கிய வேளையில் நாட்டிங் ஹில் கலவரத்தைக் கண்டார். பின்னாளில் இன உறவுகள் ஆய்வகத்தின் இயக்குநராகி, ஆப்பிரிக்க, கரீபிய, ஆசிய மக்களை ஒரே போராட்டத்தின் பங்காளிகளாகப் பார்க்கும் சிந்தனையை வாழ்நாள் முழுவதும் வளர்த்தார்.

முதல் படி: எதற்காகக் கூடுகிறோம் என்பதை ஒரு வாக்கியத்தில் எழுதுதல்

‘நம் பண்பாட்டைக் கொண்டாட’ என்பது காரணம் ஆகாது. அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் நாற்காலி தூக்க வரமாட்டார்கள். காரணம் கைக்கு அகப்படுவதாக இருக்க வேண்டும். குழந்தைகளுக்குத் துணைப்பாடம் சொல்லும் சனிக்கிழமைப் பள்ளிக்கு ஓராண்டு வாடகை, இடிக்கப்படவிருக்கும் சந்தையின் வணிகர்களுக்கு வழக்குச் செலவு, தனியே வாழும் முதியவர்களுக்கு வாரம் ஒருநாள் மதிய உணவு என ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதைத் தேர்வதற்கு முன் குறைந்தது முப்பது பேரிடமாவது நேரில் பேசுங்கள். முடிதிருத்தும் கடை, தலைப்பின்னல் நிலையம், ஆப்பிரிக்க மளிகைக் கடை, தேவாலய வாசல் ஆகிய நான்கு இடங்களில் ஒரு மாதம் காது கொடுத்தால், அந்த வட்டாரத்தின் உண்மையான குறை எது என்று தானாகவே தெரிந்துவிடும். தலைப்பின்னலுக்கு நான்கைந்து மணி நேரம் உட்கார வேண்டியிருப்பதால், அங்கே நடக்கும் பேச்சின் ஆழம் எந்தப் பொதுக்கூட்டத்திலும் கிடைக்காது.

‘பான்-ஆப்பிரிக்கம்’, அதாவது உலகெங்கும் உள்ள ஆப்பிரிக்க வம்சத்தார் அனைவரும் ஒரே மக்கள் என்ற எண்ணம், ஒரு பெரிய சொல். இந்தக் கட்டத்தில் அதை அடக்கமாகவே பயன்படுத்துங்கள். டிரினிடாட் வழக்கறிஞர் ஹென்றி சில்வெஸ்டர் வில்லியம்ஸ் 1900 ஜூலையில் லண்டனில் கூட்டிய முதல் பான்-ஆப்பிரிக்க மாநாடும், 1945 அக்டோபரில் மான்செஸ்டரில் நடந்த ஐந்தாவது மாநாடும் அந்தச் சொல்லுக்கு எடையைக் கொடுத்தன. முதலாவதில் இசையமைப்பாளர் சாமுவேல் கோல்ரிட்ஜ்-டெய்லர் கலந்துகொண்டார். மான்செஸ்டர் மாநாட்டுக்கு, பின்னாளில் கானாவின் தலைவரான க்வாமே இன்க்ருமாவும் கென்யாவின் தலைவரான ஜோமோ கென்யாட்டாவும் வந்திருந்தனர். அதற்கான செலவில் பெரும் பங்கை ஏற்றவர் மான்செஸ்டரில் உணவகங்கள் நடத்திய ராஸ் மக்கோனன். அதாவது, அந்த உயர்ந்த அரசியலுக்குப் பின்னால் அப்போதே ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

இரண்டாம் படி: ஏழு பேர் குழு

ஏழு பேர் போதும். பன்னிரண்டானால் முடிவெடுக்க முடியாது. மூன்றானால் ஒருவர் கோபித்துக்கொண்டதும் குழு கலைந்துவிடும். ஆப்பிரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவர்களும் கரீபியர்களும் ஏறக்குறையச் சம எண்ணிக்கையில் இருக்கட்டும். இது மரியாதைக்காகச் சொல்வதல்ல. இருதரப்புக்கும் இடையே பேசப்படாத வருத்தங்கள் உண்டு: ‘அவர்கள் எங்களைத் தாழ்வாகப் பார்க்கிறார்கள்’ என்ற குற்றச்சாட்டை நான் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே சொற்களில் கேட்டிருக்கிறேன். அது குழுவுக்குள் வெளிப்படையாகப் பேசப்படாவிட்டால், விழா மேடையில் யார் பாட்டு முதலில் வருவது என்ற சண்டையாக வெடிக்கும். குழுவில் கட்டாயமாக இருபத்தைந்து வயதுக்குக் குறைந்த இருவரும், சமைக்கத் தெரிந்த ஒருவரும், கணக்கில் பிடிவாதக்காரர் ஒருவரும் வேண்டும்.

மூத்தவர்களை எப்படி அழைப்பது என்பதில் கவனம் தேவை. கானாவிலும் நைஜீரியாவிலும் கரீபியத் தீவுகளிலும் வயதில் பெரியவர் ஆன்ட்டி, அங்கிள் என்றே அழைக்கப்படுகிறார். ஒரு கூட்டத்தில் நன்றாகப் படித்த இளைஞர் ஒருவர் எழுபது வயதுப் பெண்மணியை வெறும் பெயர் சொல்லி அழைக்க, அந்த அம்மையார் எதுவும் பேசாமல் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் மறுபடி வரவில்லை. அவரோடு வந்துகொண்டிருந்த தையல் தெரிந்த நான்கு பெண்களும் வரவில்லை.

இரண்டு பக்கத்தில் ஒரு விதித்தொகுப்பு எழுதி அனைவரும் கையெழுத்திடுங்கள். அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி, ஒருவருக்கொருவர் உறவினரல்லாத இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் சிறு மானியம் தரும் பெரும்பாலான நிதியங்கள் இந்த இரண்டையும் கேட்கும். கேட்காவிட்டாலும் இவை வேண்டும். சமூக அமைப்புகள் கொள்கைக்காக உடைந்ததைவிடக் கணக்குக்காக உடைந்ததே அதிகம் என்பது என் எண்ணம்.

மூன்றாம் படி: நாள் குறித்தல்

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை ஐந்து நிமிட வேலை என்று நினைப்பார்கள். எங்களுக்கு ஒரு முழு மாலை போயிற்று. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த கரீபியக் குடும்பங்கள் வெள்ளி மாலை சூரியன் மறைவதிலிருந்து சனி மாலை சூரியன் மறையும் வரை ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கும். நைஜீரிய, கானா பெந்தெகொஸ்தே சபைகளில் ஞாயிறு ஆராதனை பிற்பகல் வரை நீளும். எத்தியோப்பிய, எரித்திரிய ஆர்த்தடாக்ஸ் மக்கள் ஈஸ்டருக்கு முன் 55 நாட்கள் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடமாட்டார்கள். சோமாலியர், செனகலியர், காம்பியர் ஆகியோரின் ரமலான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். இவை அனைத்தையும் ஒரே நாட்காட்டியில் குறித்துப் பார்த்தால், ஞாயிறு பிற்பகல் மூன்று மணி முதல் இரவு எட்டு வரை என்பது பெரும்பாலானோருக்குப் பொருந்தும் நேரமாக வரும்.

எந்த மாதம் என்பதற்கும் வரலாறு வழிகாட்டும். 1963 மே 25 அன்று அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு உருவான நாள் இன்றும் ஆப்பிரிக்க நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆகஸ்ட் 1, பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்த நாள்; கரீபியர்களுக்கு அது விடுதலை நாள். மூன்றாவது தெரிவான அக்டோபரை, அதாவது 1987இல் கானாவைச் சேர்ந்த அக்யாபா அடை-செபோவின் முயற்சியில் பிரிட்டனில் தொடங்கிய கறுப்பின வரலாற்று மாதத்தை, முதல் ஆண்டில் தவிர்த்துவிடுங்கள். அந்த மாதத்தில் பள்ளிகளும் அலுவலகங்களும் நூலகங்களும் ஒரே முரசுக் கலைஞரைத் தேடிக்கொண்டிருக்கும், மண்டபமும் கிடைக்காது. பதினோரு மாதம் நினைக்காதவர்கள் எஞ்சிய ஒரு மாதத்தில் படையெடுக்கிறார்கள் என்று ஒரு கலைஞர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

நான்காம் படி: இடமும் அனுமதியும்

முதல் விழா மண்டபத்துக்குள் நடக்கட்டும். தெருவை மூடுவதற்கு உள்ளாட்சி மன்றத்தின் ஆணை, காவல்துறை ஆலோசனை, போக்குவரத்துத் திட்டம், பெருந்தொகைக்கான பொதுப் பொறுப்புக் காப்பீடு என்று மாதக்கணக்கில் வேலை உண்டு. இங்கிலாந்தில் உரிமம் இல்லாத இடத்தில் மது விற்கவோ உரிமத்துக்கு உட்பட்ட கேளிக்கை நடத்தவோ ‘தற்காலிக நிகழ்வு அறிவிப்பு’ ஒன்றை மன்றத்துக்கு அனுப்ப வேண்டும். கட்டணம் 21 பவுண்டு. நிகழ்வுக்குக் குறைந்தது பத்து முழு வேலைநாட்களுக்கு முன் அது சேர வேண்டும், மன்றம் அதைப் பெறும் நாளும் நிகழ்வு நாளும் அந்தப் பத்தில் அடங்காது. உள்ளே ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த எண்ணில் தொண்டர்களும் கலைஞர்களும் சேர்த்தி. பல சமூகக் கூடங்கள் இசை உரிமத்தை ஏற்கெனவே வைத்திருக்கும். முன்பணம் கட்டும் முன் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் படி: கைகளுக்கு வேலை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். டிரினிடாட் கார்னிவலின் உயிர் விழா நாளில் இல்லை. அதற்கு மாதங்களுக்கு முன் திறக்கப்படும் ‘மாஸ் கேம்ப்’ என்னும் உடைப் பட்டறையிலும், ‘பான் யார்ட்’ என்னும் ஸ்டீல் பான் பயிற்சி முற்றத்திலும் இருக்கிறது. வேலை முடிந்து வந்தவர்கள் அங்கே கம்பி வளைப்பார்கள், இறகு ஒட்டுவார்கள், சண்டை போடுவார்கள், குழந்தைகளைத் தூங்கவைப்பார்கள். விழாவுக்கு வருபவர் விருந்தினர்; பட்டறைக்கு வருபவர் உறுப்பினர். ஆகவே விழாவுக்குப் பன்னிரண்டு வாரங்களுக்கு முன்பே, வாரம் இருமுறை, மாறாத கிழமைகளில், ஒரே இடத்தில் ஒரு பட்டறையைத் திறந்துவிடுங்கள். தேவாலயத்தின் பக்கவாட்டு அறையோ பள்ளியின் உணவுக்கூடமோ போதும்.

எங்கள் பட்டறையில் ஒரு சங்கோஃபா பறவை செய்யத் தீர்மானித்தோம். கானாவின் அகான் மக்களின் அடிங்க்ரா குறிகளில் ஒன்றான அது, கடந்ததைத் திரும்பிச் சென்று எடுத்துக்கொள்வதைக் குறிக்கும். இளமையில் டிரினிடாட்டில் கார்னிவல் உடைகளுக்குக் கம்பி வளைத்துப் பழகிய ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் ஆள் உயரச் சட்டகத்தை ஒரு வாரத்தில் செய்து முடித்தார். கானாவின் குமாசியிலிருந்து வந்து துணிக்கடை வைத்திருக்கும் அம்மையார் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பறவையின் உடலும் பின்பக்கம் பார்த்தபடியே இருந்தது. “தலை மட்டும்தான் திரும்ப வேண்டும், அங்கிள். கால் முன்னே பார்த்து நிற்க வேண்டும். கால் பின்னால் திரும்பினால் அது ஓடிப்போகிற பறவை” என்றார். ஓட்டுநர் கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குறடை எடுத்துக் கழுத்துக்குக் கீழே எல்லாவற்றையும் அவிழ்க்கத் தொடங்கினார். அன்றிரவு பத்து மணிவரை எட்டுப் பேர் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்த எட்டுப் பேரில் ஆறு பேர் அதற்கு முன் ஒருவரோடொருவர் பேசியதில்லை.

பட்டறையில் மூன்று ஒழுங்குகள் வேண்டும். முதலாவது, வந்தவர் எவரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வெறுங்கையோடு நிற்கக் கூடாது. கத்தரிக்கத் தெரியாதவருக்கு நூல் கோக்கும் வேலை கொடுங்கள். அடுத்தது, ஒவ்வொரு மாலையும் வந்தவர் பெயரையும் அவருக்குத் தெரிந்த தொழிலையும் ஒரு நோட்டில் குறியுங்கள். பின்னாளில் மின் பணியாளரோ மொழிபெயர்ப்பாளரோ வழக்கறிஞரோ தேவைப்படும்போது அந்த நோட்டு எந்த விளம்பரத்தையும்விடப் பயன்படும். மற்றது சோறு. மாலை ஏழு மணிக்கு ஒரு பானைச் சூப்பு இல்லாத பட்டறை மூன்றாவது வாரத்தைத் தாண்டாது.

ஆறாம் படி: நிகழ்ச்சி நிரல்

‘நாட்டுக்கு ஓர் உருப்படி’ என்ற முறை பள்ளி ஆண்டுவிழாவுக்குப் பொருந்தும். இங்கே அது கெடுதல் செய்யும். தங்கள் நாட்டு உருப்படி முடிந்ததும் அந்த நாட்டுக் கூட்டம் எழுந்து போய்விடும். அதற்குப் பதிலாக, இசை தானே கடல் கடந்து போய்த் திரும்பி வந்த வழிகளை நிரலாக்குங்கள். கொங்கோவின் ரும்பாவுக்குக் கியூபா இசைத்தட்டுகள் உரமாயின; கியூபாவின் தாளத்துக்கோ வேர் ஆப்பிரிக்காவில் இருந்தது. டிரினிடாட்டின் கலிப்சோவும் கானாவின் ஹைலைஃபும் ஒன்றையொன்று கேட்டு வளர்ந்தவை. 1948இல் கரீபியரைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்த விண்ட்ரஷ் கப்பலில் வந்து இறங்கிய டிரினிடாட் பாடகர் லார்ட் கிச்சனர், 1957இல் விடுதலை பெற்ற கானாவை வாழ்த்தி ஒரு கலிப்சோவே பாடினார். இப்படி ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டால், கானா முரசுக்காரரும் ஸ்டீல் பான் வாசிப்பவரும் ஒரே மேடையில் ஒரே பாட்டை வாசிப்பதற்கு இயல்பாகவே இடம் கிடைக்கும். இருவரும் சேர்ந்து ஒத்திகை பார்க்கும் நான்கு மாலைகளே உங்கள் உண்மையான ஆதாயம்.

ஸ்டீல் பானைப் பற்றி ஒரு சொல். எண்ணெய்ப் பீப்பாயின் அடித்தட்டைச் சுத்தியலால் குழித்து, அதில் சுரங்களைத் தட்டி எடுத்த கருவி அது. 1951இல் ‘பிரிட்டன் விழா’வுக்கு டிரினிடாட்டிலிருந்து வந்த டாஸ்போ என்ற குழுவில் இருந்த ஸ்டெர்லிங் பெத்தன்கோர்ட் லண்டனிலேயே தங்கிவிட்டார். 1966இல் சமூகப் பணியாளர் ரோன் லாஸ்லெட் நாட்டிங் ஹில்லில் அக்கம்பக்கக் குழந்தைகளுக்காக ஒரு தெரு விழா நடத்தியபோது, பெத்தன்கோர்ட்டும் ரஸ்ஸல் ஹென்டர்சனும் அடங்கிய சிறு பான் குழு வாசிக்க வந்தது. ஓரிடத்தில் நின்று வாசிப்பதை விட்டு, பான்களைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அவர்கள் தெருவில் நடக்கத் தொடங்கினார்கள். சன்னல்கள் திறந்தன, மக்கள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். ஜோன்சின் மண்டப விழாவோடு சேர்த்து இன்றைய நாட்டிங் ஹில் கார்னிவலின் தொடக்கமாகச் சொல்லப்படுவது அந்த நடைதான். 1973 முதல் லெஸ்லி பாமர் அதன் பொறுப்பை ஏற்று, உடைக் குழுக்களோடு, பெரிய ஒலிபெருக்கிகளில் ஜமைக்காவின் ரெகே இசைத்தட்டுகளை ஒலிக்கும் சவுண்ட் சிஸ்டங்களையும் உள்ளே அழைத்தார். டிரினிடாட்டின் விழாவாக இருந்ததில் ஜமைக்கா இளைஞர்கள் தங்களுக்கான மூலையைக் கண்டது அதனால்தான். உங்கள் வட்டாரத்து இளைஞர்கள் கேட்பது ஆஃப்ரோபீட்ஸோ அமபியானோவோ எதுவாயினும், அதற்கு நிரலில் நல்ல நேரத்தை ஒதுக்குங்கள்; கடைசி அரைமணியை மட்டும் பிச்சையாகப் போடாதீர்கள்.

முன்னோருக்கு நீரோ மதுவோ வார்த்து வணங்கும் சடங்கைப் பல பான்-ஆப்பிரிக்க நிகழ்வுகள் முதலில் வைக்கும். சில பெந்தெகொஸ்தே, முஸ்லிம் குடும்பங்கள் அதில் நிற்க விரும்பமாட்டார்கள். நாங்கள் அதை நிகழ்ச்சி தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன், முற்றத்து மரத்தடியில், முன்னரே அறிவித்துச் செய்தோம். விரும்பியவர் வந்தார், மற்றவர் உள்ளே தேநீர் அருந்தினார். எவருக்கும் அதில் மனத்தாங்கல் ஏற்படவில்லை.

ஏழாம் படி: உணவும் பணமும்

தக்காளியில் வேகும் ஜொலோஃப் சோற்றைக் கானாக்காரர் சமைப்பதா நைஜீரியர் சமைப்பதா என்ற வழக்கு ஓயாதது. இருவரையும் சமைக்கச் சொல்லி, எதிரெதிர் மேசையில் வைத்து, ருசித்தவர்கள் நாணயம் போட்டு வாக்களிக்க இரண்டு பெட்டிகளை வையுங்கள். பணம் சேரும், சண்டை சிரிப்பாகும். நிலக்கடலை சேர்ந்த குழம்புகளும் சூயா என்னும் இறைச்சி மசாலாவும் அதிகம் என்பதால் ஒவ்வாமைப் பட்டியலை ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் எழுதி வையுங்கள். பிரிட்டன் சட்டம் குறிப்பிடும் ஒவ்வாமைப் பொருட்கள் 14. இறைச்சி ஹலாலாக இருப்பது நல்லது. எத்தியோப்பிய நோன்புக்காரர்களுக்கென்று புளித்த மாவில் சுட்ட இஞ்சேரா அப்பமும் பருப்புக் குழம்பும் இருந்தால், சைவ உணவுக்காரர்களுக்கும் அதுவே ஆகும்.

வரவு செலவைப் பொறுத்தவரை என் விதி சுருக்கமானது. முதல் விழாவின் மொத்தச் செலவும் நுழைவுச்சீட்டை நம்பாமல் அடைபட வேண்டும்: கடைகளின் மேசை வாடகை, உள்ளூர் வணிகர்களின் சிறு நன்கொடை, ஒரு சிறு மானியம். சீட்டுப் பணம் முழுவதும் முதல் படியில் எழுதிய காரியத்துக்கே போகட்டும், அதை வாசலிலேயே எழுதி ஒட்டுங்கள். கலைஞர்களுக்குச் சிறு தொகையாயினும் அன்றிரவே கொடுத்துவிடுங்கள். “சமூகத்துக்காகத்தானே” என்று சொல்லி இலவசமாக வாசிக்கவைக்கப்பட்ட முரசுக்காரர்களின் பட்டியல் நீளமானது, அவர்களின் நினைவாற்றலும் நீளமானது.

எட்டாம் படி: அந்த நாள்

ஒலிச் சோதனையை முரசோடு செய்யுங்கள். எங்களுக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். குடியிருப்புகளுக்கு நடுவே உள்ள பல மண்டபங்களில் லிமிட்டர் என்னும் கருவி சுவரில் இருக்கும். ஒலி குறித்த அளவைத் தாண்டிச் சில நொடிகள் நீடித்தால் மேடைக்கான மின்சாரத்தை அது துண்டித்துவிடும். மதியம் நாங்கள் மைக்கை மட்டும் சோதித்தோம், விளக்கு பச்சையாகவே இருந்தது. மாலை ஐந்தரைக்கு ஆறு ஜெம்பே முரசுகள் ஒன்றாக எழுந்தபோது பச்சை மஞ்சளாகிச் சிவப்பாகி, மைக், விசைப்பலகை, மேடை விளக்கு எல்லாம் ஒரேயடியாக அணைந்தன. முரசுக்காரர்களும் திகைத்து நிறுத்திவிட்டார்கள். இருநூறு பேர் இருந்த கூடத்தில் குழந்தை ஒன்றின் அழுகை மட்டும் கேட்டது. மூன்றாவது வரிசையிலிருந்த ஒரு கிரெனடா மூதாட்டி கைத்தடியைத் தரையில் தட்டத் தொடங்கினார், மெதுவாக, நான்கு தட்டுக்கு ஒன்று அழுத்தமாக. பக்கத்தில் இருந்தவர் கைதட்டினார். முரசுக்காரர் ஒருவர் விரல் நுனியால் மட்டும் அந்தத் தாளத்தைப் பிடித்தார். மின்சாரம் மீண்டும் வர இருபது நிமிடம் ஆயிற்று. வந்த பிறகும் எவரும் மைக்கைத் தொடவில்லை. நல்ல கதைதான், ஆனாலும் அடுத்த ஆண்டு நான் மதியமே ஆறு முரசையும் வாசிக்கச் சொன்னேன்.

மற்றபடி அந்த நாளுக்கு வேண்டியவை சில. முதலுதவி தெரிந்தவர் இருவர். குழந்தை தவறினால் கொண்டுவந்து சேர்க்க ஓர் இடம். வெளியேறும் வழிகளில் மேசை போடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர். மேடைப் பேச்சு மொத்தம் பதினைந்து நிமிடத்துக்குள் அடங்கட்டும், அரசியல்வாதி வந்தால் அதற்குள்ளேயே அவருக்கும் பங்கு. காரியம் எது என்பதைப் பேச்சாளர் சொல்வதைவிட அதனால் பயன்பெறப்போகும் ஒருவர் சொல்வது மேல். எங்கள் விழாவில் சனிக்கிழமைப் பள்ளி மாணவி ஒருத்தி தன் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் படித்தாள், அவ்வளவே.

ஒன்பதாம் படி: அடுத்த ஏழு நாட்கள்

பெரும்பாலான குழுக்கள் இங்கேதான் தோற்கின்றன. களைப்பில் எல்லோரும் மறைந்துவிடுவார்கள். அரசுகள் நடத்திய பெரும் விழாக்களிலும் இந்தக் கேள்வி உண்டு. 1966இல் டக்காரிலும், 1969இல் அல்ஜியர்சிலும், 1977இல் லாகோசிலும் கண்டம் தழுவிய கலைவிழாக்கள் நடந்தன. லாகோஸ் விழாவின் சின்னம், இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் பேரரசின் அரசத்தாய் இடியாவின் தந்த முகமூடி. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அதை இரவல் தர மறுத்துவிட்டது. விழா முடிந்து எஞ்சியவற்றுள் ஒன்று, கலைஞர்கள் தங்கக் கட்டிய, இன்றும் மக்கள் புழங்கும் ஃபெஸ்டாக் டவுன் குடியிருப்பு. நமக்கு அவ்வளவு சிமென்ட் வேண்டாம். ஆனால் விழா முடிந்த மறுநாள் எது நிற்கும் என்று முன்கூட்டியே கேட்டாக வேண்டும்.

செய்ய வேண்டியது இது. இரண்டாம் நாளுக்குள் வரவு செலவை ஒரே தாளில் எழுதி, கடைகளின் கதவிலும் தேவாலயப் பலகையிலும் ஒட்டுங்கள். துண்டு விழுந்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். மூன்றாம் நாளிலிருந்து, வாசலில் தொடர்பு எண்ணைக் கொடுத்து அழைக்கச் சம்மதித்தவர்களை, குழுவினர் ஏழுபேரும் பங்கிட்டுக்கொண்டு தொலைபேசியில் அழையுங்கள். நன்றி சொல்வதற்காக மட்டும் அழைக்காதீர்கள், “வரும் சனிக்கிழமை பள்ளியில் இரண்டு மணி நேரம் வாசிக்கக் கற்றுக்கொடுக்க முடியுமா?” என்பது போல ஒரு சிறு வேலையைக் கேளுங்கள். ஏழாம் நாள் பட்டறை நடந்த அதே இடத்தில், அதே கிழமையில், அதே சூப்போடு மீண்டும் கூடுங்கள்.

இந்த வரிசைக்கு வரலாற்றில் சான்று உண்டு. ஜோன்சின் விழா 1964 வரை ஆண்டுதோறும் மண்டபங்களில் நடந்தது. இடையில், 1963 ஆகஸ்டில் அமெரிக்கக் கறுப்பினரின் உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணிக்கு ஆதரவாக லண்டனில் அமெரிக்கத் தூதரகத்தை நோக்கி ஓர் ஊர்வலம் புறப்பட்டபோது, அதை அமைத்தவர்களுள் அவரும் இருந்தார். டிரினிடாட்டிலிருந்து வந்த ஜான் லா ரோஸ், சாரா வைட்டோடு சேர்ந்து 1966இல் நியூ பீக்கன் புத்தக நிறுவனத்தைத் தொடங்கினார். 1969இல் பான்-ஆப்பிரிக்கச் சிந்தனையாளர் ஜார்ஜ் பாட்மோர் பெயரில் கறுப்பினக் குழந்தைகளுக்கான துணைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1982 முதல் கறுப்பின, மூன்றாம் உலக நூல்களுக்கான சர்வதேசப் புத்தகச் சந்தையின் பின்னணியிலும் அவர் இருந்தார். புத்தகம், பள்ளி, சந்தை என்று ஒன்றிலிருந்து ஒன்று முளைத்தது.

எங்கள் சங்கோஃபா பறவை மூன்று விழாக்களில் நடந்தது. இரண்டாவது விழா முடிந்து எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டதில் வாலிறகுகள் போயின. இப்போது அது துணிக்கடை அம்மையாரின் கடைப் பின்னறையில், வாக்ஸ் பிரிண்ட் என்னும் ஆப்பிரிக்க அச்சுத் துணிக்கட்டுகளுக்கு மேலே, கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. வாலை மறுபடி கட்ட ஆள் கேட்டு, பேருந்து ஓட்டுநர் போன மாதமே நோட்டில் எழுதி வைத்துவிட்டார். அதற்குக் கீழே இதுவரை ஐந்து பெயர்கள் இருக்கின்றன.